அன்று எனக்குத் தலை வலிக்கவில்லை

தம்பி,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ வாசலில் நின்று போனில் பேசியது எனக்குக் கேட்டது. வெளிச்சம் வராமல் ஜன்னலில் கம்பளியை மாட்டி, கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உள்ளே கிடந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாய். குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் பேசினால் எனக்கு எட்டாது என்றும் நினைத்தாயோ என்னவோ. இருபத்தெட்டு வருஷமாகச் சிங்களப் பெண்களோடு ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டியவள் நான். "அம்மட்ட சனீப நே, மட்ட என்ன பே" என்று நீ சொன்னாய். அம்மாவுக்குச் சுகமில்லை, எனக்கு வர முடியாது. உனக்குக் கிடைத்த மாலைதீவு ஓட்டல் வேலையை அந்த ஒரே வரியில் விட்டுவிட்டாய். உள்ளே வந்ததும் நான் கேட்டேன், "யாருப்பா போன்ல?" என்று. "ஒன்னுமில்லம்மா, அவிசாவளையில ஒரு வீட்டுல ஃப்ரிட்ஜ் பழுதாம்" என்றாய். நான் "ம்" என்றேன். நீ சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நீ யாருக்காகச் சொன்னாய் என்பதும் தெரியும். அதற்குப் பிறகு முகத்தை மறைத்துக்கொள்ள எனக்கு அந்தத் துணியும் கம்பளியும் போதவில்லை.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். நேற்று நீ சாப்பிட உட்கார்ந்தபோது வாயைத் திறந்தேன். நீ உடனே, "என்னம்மா, தலை வலிக்குதா?" என்று எழுந்துவிட்டாய். இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தாலே அது தலைவலியாகத்தான் உன் காதில் விழுகிறது. அதனால் எழுதுகிறேன். நம் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள், என் சொந்த மகனுக்கு ஒரு கடிதம் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். இதை உன் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுவேன். கடையில் மத்தியான நேரம் தனியாக உட்கார்ந்து படி.

முதலில் இந்த நோய் எனக்கு எப்படி வந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ பார்த்ததெல்லாம் பின்பாதிதான். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், எனக்கு இருபது வயது. காலையில் வரிசை வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போகும்போது வெயில் மரத்துக்கு மரம் விட்டு விட்டு அடிக்கும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். ஒரு நாள் அந்த வெளிச்சம் மரத்தைத் தாண்டிய பிறகும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு மினுக்கம் எழும்பி மெதுவாகப் பெருத்தது. அது பெருக்கப் பெருக்க மரத்தின் பாதி காணாமல் போனது. கையில் வெட்டுக் கத்தி இருந்தது. பட்டையில் பழைய கோட்டின் மேல் மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி உள்மரத்தைத் தொடக்கூடாது. பாதி மரம் தெரியாதவள் எதைச் சீவுவாள்? அன்று நான் நாலு மரத்துக்குக் காயம் வைத்தேன். அரை மணி நேரத்தில் மினுக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் இடது பக்க நெற்றிப்பொட்டுக்குள் அடி விழத் தொடங்கியது. வாந்தி எடுத்துக்கொண்டு மரத்தடியில் கிடந்தவளை, வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து ஐயா வந்து பார்த்தார். காயப்பட்ட மரங்களைப் பார்த்தார். "பொரு" என்றார். பொய். அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார், பாதி நாள் சம்பளம்.

அந்த ஒரு சொல்லை நான் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்! டிஸ்பென்சரியில் கேட்டேன். லயத்தில் கேட்டேன். உன் அப்பாவின் வாயிலிருந்தும் கேட்டேன். "வேலைக்குப் போக வலிக்குது, கல்யாண வீட்டுக்குப் போக வலிக்கலையா?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. கை உடைந்தால் தெரியும், காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். இதை எப்படிக் காட்டுவது? பக்கத்து மலையில் வெட்டிய சோமாவதிதான் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்தவுடனே, "இருவாரதே நே?" என்று கேட்டாள். அவளுடைய அக்காவுக்கும் இருந்ததாம். ஒற்றைத் தலைவலிக்குச் சிங்களத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பெயர் இருக்கிறதென்றால் அது என்னோடு மட்டும் நிற்கவில்லை, வேறு ஆட்களுக்கும் வந்திருக்கிறது.

உனக்கு ஐந்து வயதில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த காலம். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நீயும் நானும் மட்டும் நம் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். மினுக்கம் வந்தது. அதோடு அன்று புதிதாக, வலது கை விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டே மேலே ஏறி உதடு வரை வந்தது. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது உன் பெயர் இல்லை. எந்தச் சொல்லும் இல்லை. மனதுக்குள் உன் பெயர் முழுசாக இருக்கிறது, வாய்க்கு வரும்போது உடைந்து வேறு எதுவோ ஆகிவிடுகிறது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்து அழுதாய். வெளியே ஓடி யாரையாவது கூப்பிடக் கதவுத் தாழ்ப்பாள் உனக்கு எட்டவில்லை. அரை மணி நேரம், இல்லை, இன்னும் அதிகமாகவே இருக்கும், நானும் நீயும் அப்படியே உள்ளே கிடந்தோம். பேச்சு திரும்பி வந்த பிறகும் எனக்குள் ஒரு பயம் தங்கிவிட்டது. கதவு சாத்திய ஓர் அறையில், கூப்பிட வாயில்லாமல், நான் தனியாகக் கிடக்கப் போகிறேன் என்ற பயம். வலியைக்கூட பொறுத்துக்கொண்டேன், தம்பி. இந்தப் பயத்தைப் பொறுக்க எனக்குத் தெரியவில்லை.

நான் இனிச் சொல்லப் போவதற்கு அந்தப் பயம் சாக்கு இல்லை. ஆனால் அது அங்கிருந்துதான் வந்தது.

அப்பா இறந்து போய் அப்போது ஐந்து வருஷம். நீ சாதாரண தரப் பரீட்சையில் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாய். இந்தப் பக்கத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க இடமில்லை என்று உங்கள் பள்ளிக்கூட அதிபர் ஓடித் திரிந்து ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்தார். விடுதியும் சரியாகிவிட்டது. பெட்டி கட்டியாயிற்று. அடுத்த வீட்டுப் புஷ்பம் உனக்கு இரண்டு புதுச் சட்டை வாங்கி வந்து கொடுத்தாள். காலை ஆறரை பஸ்ஸுக்குத் தெஹியோவிட்டைக்கு இறங்க வேண்டும். நீ குளித்து, விபூதி பூசி, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அம்மா, போயிட்டு வாரேன்" என்று சொல்ல உள்ளே வந்தாய்.

நான் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, வந்திருச்சா?" என்று கேட்டாய். ஜன்னலைக் கைகாட்டினேன். நீ ஓடிப்போய் கம்பளியை மாட்டினாய். வாளியை எடுத்து வந்து கட்டிலருகில் வைத்தாய். புஷ்பம் வாசலிலிருந்து, "நான் பாத்துக்கிறேன், நீ பஸ்ஸுக்குப் போ தம்பி" என்றாள். அப்போது நான் முனகினேன். வேண்டுமென்றே முனகினேன். நீ பெட்டியை உள்ளே இழுத்து வைத்தாய். "அடுத்த கெழமை போறேன் அக்கா" என்று புஷ்பத்திடம் சொன்னாய். அடுத்த வாரமும் நான் அதையே செய்தேன். மூன்றாவது வாரம் அதிபர் ஒரு மாஸ்டரை அனுப்பிக் கேட்டார். அப்போது நீயே, "நான் போகல சேர்" என்று சொல்லிவிட்டாய்.

அந்த இரண்டு நாளும் எனக்குத் தலை வலிக்கவில்லை. மினுக்கம் இல்லை, வாந்தி இல்லை, ஒன்றுமே இல்லை. அவ்வளவு தெளிவான காலை எனக்கு அந்த மாதத்தில் வேறு வாய்க்கவில்லை. உண்மையாக வலித்த நூறு நாளில் என்னை யாரும் நம்பவில்லை. பொய் சொன்ன இரண்டு நாளில் எல்லோரும் நம்பினார்கள். நீ, புஷ்பம், அதிபர், எல்லோரும். கம்பளி மாட்டிய இருட்டுக்குள் வலியில்லாமல் படுத்துக்கொண்டு, நீ எனக்காக அடுப்பில் கஞ்சி வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் முடியாது, எழுந்தால் பொய் தெரிந்துவிடும். பகல் முழுக்க அப்படியே கிடந்தேன். அதைப் போல ஒரு நாளை நான் அனுபவித்ததில்லை.

நீ ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. அவிசாவளையில் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பழகினாய். கை தேர்ந்தவன் என்று பெயர் எடுத்தாய். ஒன்பது வருஷம் தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாய். உன் கூட்டாளிகள் கொழும்பு, ஹட்டன் என்று போனார்கள். நீ ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாய். நல்ல பிள்ளை என்று லயத்தில் பேசினார்கள். அவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இனி ஸ்கேன் விஷயம். நீதான் நாள் எடுத்துக் கூட்டிப் போனாய். தலையை ஒரு கூட்டுக்குள் வைத்து, அசையாதே என்று சொல்லி, என்னை அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு மேலே கூரை. தகரத்தில் சம்மட்டியால் அடிக்கிற மாதிரிச் சத்தம். என் தலைவலிக்குள்ளேயே என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி உன்னிடம் இங்கிலீஷில் பேசினார். கறுப்பும் சாம்பலுமாக இருந்த என் மூளையில் அரிசிக் குருணை போல வெள்ளைப் புள்ளிகள். அவர் பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அதைப் பார்த்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். இருபத்தேழு வருஷம் கழித்துக் கண்ணால் பார்க்க ஒன்று கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பொய் என்று சொன்ன அந்தத் தோட்டத்து ஐயா உயிரோடு இருந்தால் படத்தைக் கொண்டுபோய்க் காட்டலாமே என்றுகூட நினைத்தேன். திரும்பி உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தில் இரத்தமே இல்லை. வெளியே வந்ததும், "ஒன்னுமில்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாய்.

அன்றிலிருந்து நீ என்னைச் சோதிக்கத் தொடங்கினாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். "நேத்து என்னா கறி வச்சீங்கம்மா?" "புஷ்பம் அக்கா மகளுக்கு எந்த மாசம் கல்யாணம் ஆச்சு?" "நான் எத்தனை மணிக்கு வருவேன்னு சொன்னேன்?" சும்மா பேசுகிற மாதிரிக் கேட்பாய். நான் பதில் சொல்லும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் எனக்கு முருங்கைக்காய் என்ற சொல் வரவில்லை. "அந்த நீட்டுக்காய்" என்றேன். நீ திரும்பிச் சுவரைப் பார்த்தாய். போனில் எதையெதையோ தேடிப் படித்தாய். ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளை சுருங்கிவிடும், ஞாபகம் போய்விடும் என்று யாரோ எழுதியதைப் படித்திருப்பாய். உன் முன்னால் பேசுவதற்கே எனக்குப் பயமாகிவிட்டது. பேசும் முன்பு சொற்களை மனதுக்குள் ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்க்கப் பார்க்க இன்னும் தடுமாறினேன். நம் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு இரண்டு பேர்.

ஒரு நாள் நீ வேலைக்குப் போன பிறகு நான் பஸ் ஏறி அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். இதை உனக்குச் சொல்லவில்லை. சிங்களத்தில் நேராகக் கேட்டேன், என் மூளைக்கு என்ன ஆகப் போகிறது என்று. அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"பய வென்ன எபா, அம்மே. பயப்படாதீங்க. இந்த வெள்ளைப் புள்ளி ஒத்தத் தலவலி உள்ள நெறையப் பேருக்கு இருக்கு. தலவலியே வராதவங்களுக்கும் வயசு போகப் போக வரும். புள்ளி இருக்குன்னு ஞாபகம் போயிரும்னு நாங்க சொல்றதில்ல."

"அப்ப எனக்குச் சொல் வரமாட்டேங்குதே டாக்டர்?"

"வலி வர முந்தியும், வந்து போன பிறகும் மூளை களைச்சுப் போகும். வலி அடங்கினா அது தெளியும். ஆனா ஒன்னுமே இல்லன்னும் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி வெளிச்சம் தெரிஞ்சு வர்ற ஆளுங்களுக்குப் பக்கவாதம் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் கூட. கொஞ்சந்தான். அதனால பிரஷர் கூடாமப் பாத்துக்கணும். திடீர்னு முகம் கோணினா, கை விழுந்தா, பேச்சு போனா, இது பழைய தலவலிதான்னு வீட்டுல படுத்துக் கெடக்கக் கூடாது, உடனே வந்திரணும்." பிறகு கேட்டார், "வலி மாத்திரை மாசத்துல எத்தனை நாள் குடிக்கிறீங்க?"

"குடிக்காத நாளைக் கேளுங்க டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அதுதான் விஷயம். இப்ப உங்களுக்கு வர்ற வலில பாதி அந்த மாத்திரையாலயே வர்ற வலி. அதை நிப்பாட்டணும். வலி வராமத் தடுக்க வேற ஒரு மாத்திரை தாரேன். ஆனா நிப்பாட்டின மொத ரெண்டு மூனு கெழமை இன்னும் மோசமாத்தான் இருக்கும். வீட்டுல ஆள் இருக்கா? அவங்ககிட்ட இதைச் சொல்லி வையுங்க, இல்லாட்டி பயந்துருவாங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. அதுதான் என் இரண்டாவது குற்றம். அதே வாரம்தான் மாலைதீவு வேலை கிடைத்தது என்று நீ வந்து சொன்னாய். "போலாமாம்மா?" என்று கேட்டாய். நான், "உன் இஷ்டம்பா" என்றேன். வலி மாத்திரையை நிறுத்தினேன். டாக்டர் சொன்னபடியே வலி வந்தது. பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. நீ கடைக்கு லீவு போட்டுவிட்டு என் வாளியைக் கழுவினாய். ஒவ்வொரு நாளும் உன் முகம் இறுகுவதைப் பார்த்தேன். இது இத்தனை நாளில் அடங்கிவிடும், டாக்டர் சொன்னார், பயப்படாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் கெட்டுப் போகவில்லை, சொல்லும் மறந்து போகவில்லை. பேசாமல் கிடந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன் நடித்தேன். இந்தத் தடவை நடிக்கக்கூடத் தேவைப்படவில்லை, சும்மா இருந்தாலே போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நீ போனில் சொல்லி முடித்தாய். உன்னைப் பூட்டி வைக்க என் நோய் போதாது, தம்பி. நான்தான் ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பியிருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் வலி தணிந்திருந்தது. புஷ்பத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஹட்டன் விஷயத்தையும் சொன்னேன். அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள படிப்ப..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "அவன்கிட்ட நீயா சொல்லு. சொல்லாட்டி நான் சொல்லிருவேன்" என்றாள். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "அந்த மாலைதீவுக் கம்பனிக்காரன் திங்கக்கெழமை வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்கானாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னானாம் உன் மகன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். ஆனால் மத்தியானம் சோறு கொண்டு வந்தாள். நான் தனியாகக் கிடந்தால் காலையும் மாலையும் வந்து கதவைத் தட்டுவதாகச் சொன்னாள். அவள் தட்டி நான் பேசாவிட்டால், அல்லது பேச்சு குழறினால், ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிப்பாள். டாக்டர் சொன்ன அடையாளங்களை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டேன். மறந்துவிடுவேன் என்று இல்லை. எழுதினது இருந்தால் அவளுக்கு நல்லது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது சில குடும்பங்களில் இறங்கி வருமாம். என்றாவது உன் கண் ஓரத்தில் அப்படி ஒரு மினுக்கம் எழும்பினால், ஏணியில் நின்றால் உடனே இறங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யாதே, வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்காதே, டாக்டரிடம் போ. யாராவது பொய் என்று சொன்னால் சொல்லட்டும். ஆனால் அதை நீ ஒரு தடவைகூட பொய்யாகச் சொல்லாதே. பிறகு உண்மையாக வலிக்கும்போதுகூட உனக்கே உன் மேல் சந்தேகம் வரும். எனக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை வலித்தது உண்மைதானா, உன்னை நிறுத்த வலித்ததா என்று நானே என்னைக் கேட்டேன்.

அந்தக் கம்பனி ஆளிடம் உனக்காக நான் பேசவில்லை. அப்படிச் செய்தால் மறுபடியும் உன் வாழ்க்கையை நானே தீர்மானித்தது ஆகும். போவதா நிற்பதா என்று நீ முடிவெடு. நின்றால் உனக்குப் பிடித்த ஏதாவது காரணத்துக்காக நில். என் தலையைக் காரணம் சொல்லாதே, அதை நான் இனி உனக்குத் தர மாட்டேன். எனக்குப் பயமில்லை என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை. பயம் இருக்கிறது. நீ போன அன்று கதவைச் சாத்தும்போது கூடுதலாகவே இருக்கும். அது என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் வந்து, "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ அப்படிச் சொல்லக்கூடியவன். கோபப்படு. என்னோடு பேசாமல் போ, ஒரு மாதம் போன் எடுக்காமல் இரு, நான் காத்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் நீ வந்து என் முன்னால் உட்கார்ந்து, அந்தக் காலையில் ஏன் அப்படிச் செய்தீங்க என்று கேள். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் கேள். எனக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மா